ஜாமீன் கையெழுத்தும் கடைசி இரண்டு சீட்டும்

எதற்கெடுத்தாலும் வாதாடுகிற என் மகளுக்கு, அன்புள்ள வக்கீலம்மாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த வேகத்தைப் பார்த்தால் உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை என்றுதான் தெரிகிறது. "போன்ல நீங்க கத்துறீங்கப்பா, சொல்றதை எழுதி அனுப்புங்க, நான் நிதானமா படிச்சுக்கறேன்" என்றாய். சரி, எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் லிஃப்ட் பழுதுக் குறிப்புதான், கதவு சரிசெய்யப்பட்டது, ஓட்டிப் பார்க்கப்பட்டது, கீழே கையெழுத்து, அவ்வளவே. அதனால் இதில் நயமெல்லாம் எதிர்பார்க்காதே. அம்மாவை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை மேசைக்கு மாற்றிவிட்டார்கள், எட்டு மணி நேரமும் நின்றபடி சட்டைகளில் விட்டுப்போன தையலைத் தேடுகிறாள், முழங்கால் வலி என்கிறாள், ஆனால் வீட்டுக்கு வந்தும் என் சட்டைக் கையைத் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை. தம்பி கணக்கில் எண்பத்தொன்பது வாங்கியதாகச் சொன்னான், விடைத்தாளைக் கேட்டேன், அறுபத்தொன்பது. ஆறை எட்டாக்குவதற்கு அவன் பட்ட பாட்டைக் கணக்கில் காட்டியிருந்தால் உண்மையாகவே எண்பத்தொன்பது வந்திருக்கும். சமையலறைக் குழாயை நானே மாற்றினேன், இப்போது ஒழுகவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்விக் கடனுக்கான ஜாமீன் படிவம் கூரியரில் வந்து பதினொரு நாளாகிறது. நீ சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுவும் உடனே, ஏனென்றால் அந்தக் கல்லூரியில் வரலாற்றுப் பட்டத்துக்குக் கடைசி இரண்டு சீட்டுத்தான் பாக்கி என்றாய். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், நான் ஒன்றும் பழைய காலத்து ஆள் இல்லை, ஆனால் யாராவது என்னிடம் "உடனே" என்றால் எனக்கு மண்டைக்குள் மணி அடிக்கும். அவசரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவன் எவனும் எனக்கு நல்லது செய்ததில்லை. அதனால் முதலில் படிவத்தோடு வந்த கல்லூரியின் பளபளப்பு விளம்பரப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம் மாதம் முப்பத்தெட்டாயிரம், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு வேலை என்று போட்டிருக்கிறது. சராசரி என்ற சொல்லை நான் தினமும் லிஃப்டுக்குள் பார்க்கிறேன். எட்டுப் பேர் ஏறலாம் என்று தகடு அடித்திருப்பார்கள், அது ஆளுக்கு அறுபத்தெட்டுக் கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு. கீழ்த்தளத்து உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து ஏறினால் தகடு வந்து தூக்காது, கம்பிக் கயிறுதான் தூக்க வேண்டும். அந்தச் சராசரி மனிதன் இதுவரை என் லிஃப்ட் எதிலும் ஏறியதில்லை. ஆகவே இந்த முப்பத்தெட்டாயிரத்தில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது, "அனைத்துத் துறைகளும் சேர்த்து". பொறியியல், கணினி எல்லாம் சேர்த்துக் குலுக்கி எடுத்த எண். வரலாற்றுக்குத் தனியாக எவ்வளவு என்று போன் செய்து கேட்டேன், "அப்படிப் பிரிச்சு வைக்கிறதில்லை சார்" என்றார்கள். பிரித்து வைக்காமல் எப்படிக் கூட்டினீர்கள் என்று கேட்டேன். கட் ஆகிவிட்டது, சிக்னல் இல்லையாம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் இங்கே நம் ஊரில் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாய், என் பராமரிப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். மாதம் ஒரு முறை அங்கே போகிறவன் நான். போன செவ்வாய்க்கிழமை போய், ஐந்தாவது மாடி லிஃப்ட் கதவின் பூட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிட வேலை, இரண்டரை மணி நேரம் செய்தேன். நீல யூனிஃபார்ம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான், இது எங்கள் தொழிலில் கிடைக்கிற ஒரே சலுகை. அவர்கள் கதவு எனக்கு ஆறடி தூரத்தில் திறந்தே இருந்தது. ஆலோசகர் என்று ஒருவர், கழுத்துப் பட்டை கட்டியவர், முதலில் வந்த குடும்பத்திடம் "சார், மறைக்க விரும்பல, கடைசி ரெண்டு சீட்டுதான் இருக்கு" என்றார். இரண்டாவது குடும்பத்துக்கும் அதே கடைசி இரண்டு. மூன்றாவது குடும்பத்துக்கும் அதே. நாலாவதாக வந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார், "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்றார், உடனே இவர் "உங்களுக்காகப் பேசி இன்னொண்ணு எடுத்து வைக்கிறேன்" என்றார், ஆக விற்க விற்கச் சீட்டு மூன்றாகக் கூடிவிட்டது. கடன் கொடுக்கிற நிறுவனத்துக்காரர் வேறெங்கோ இருக்கிறார் என்றுதானே நீயும் நினைத்தாய்? அவர் உள்ளறையில் இருக்கிறார். இருவருக்கும் ஒரே பிளாஸ்க்கில் டீ. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஆலோசகருக்கு எவ்வளவு சேருகிறது என்று அவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது, அதை எழுதினால் உனக்கு வயிறு எரியும். இந்த இரண்டரை மணி நேரமும் லிஃப்ட் நின்றுபோனதால் அதே மாடியில் இருக்கிற பல் டாக்டரிடம் வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி ஐந்து மாடி ஏறினார்கள். ஒருவர் என்னைத் தாண்டும்போது ஏதோ திட்டினார், பல் வலியில் சரியாகப் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று. அவர்களுக்கு நான் செய்தது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் புகார் கொடுத்து எனக்கு மெமோவும் வந்துவிட்டது. "ஒரு பூட்டுக்கு ரெண்டரை மணி நேரமா, பூட்டை நீயே வார்த்தியா?" என்று மேலாளர் கேட்டார். ஸ்பிரிங் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்து பளபளப்புப் புத்தகத்தைத் திறந்தால் நாலாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். வரலாற்றுப் பட்டதாரி, கல்வித் துறை வல்லுநர் என்று கீழே போட்டிருக்கிறது. வேலை கிடைத்த தொண்ணூற்றிரண்டு பேரில் ஒருத்தி, வேலை கொடுத்தது அதே கல்லூரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே பூட்டு மறுசோதனை என்று போய்விட்டேன். ஆலோசகர் சாப்பிடப் போனதும் நேராக அவளிடம் என் மகள் இப்படி, படிவம் இப்படி என்று சொல்லி, "உனக்கு என்னம்மா சம்பளம், மறைக்காம சொல்லு" என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருப்பார்கள். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நேத்து முழுக்கத் தரையில உக்காந்திருந்தது நீங்கதானே, பூட்டை ஏழு தடவை கழட்டி மாட்டுனீங்க, நான் எண்ணிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு பதினேழாயிரம் என்றாள். ஆறு லட்சம் கடன் வாங்கியிருக்கிறாள், நீ கேட்கிற அதே தொகை. படிக்கிற மூன்று வருடமும் வட்டி சும்மா இருக்காது, ஏறிக்கொண்டே போய் ஏழரை லட்சமாக நிற்கும், அதை ஏழு வருடத்தில் கட்டினால் மாதம் பதிமூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம், இதை நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அம்மா நாலாவது தடவை போட்டாள். பதினேழில் பதிமூன்று போனால் மீதி பேருந்துக்கும் சோப்புக்கும்தான் ஆகும். நீ இப்போது கூரியர் கிளையில் பில் போட்டு வாங்குவது பதினைந்து. இந்தப் பட்டத்தைப் படிக்காமல் அந்த நாற்காலியிலேயே நீ தூங்கி வழிந்தாலும் மூன்று வருடத்தில் பதினேழு வந்துவிடும். இந்த எண்கள் கையில் இல்லாமலேயே ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கத்திய விஷயமும் இதுதான். படித்ததற்கு வருத்தமா என்று அவளிடம் கேட்டேன். "படிப்பு நல்லாத்தான் இருந்துச்சு சார், ஒவ்வொரு மாசமும் தவணை கட்டுற அஞ்சாம் தேதிதான் பிடிக்கல" என்றாள்.

பிறகு அவளாகவே கையை நீட்டிப் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். நான் அதை மூன்று தடவை படித்தவன், அடிக்கோடு போட்டவன், இந்தச் சின்னப் பெண் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் "சேர்க்கை ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவுக்கு உட்பட்டு" என்று ஒரு வரி வருகிறது, அங்கே விரலை வைத்து "இந்த ஒப்பந்தத்தைப் பார்த்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை, அது எனக்கு வரவே இல்லை. "ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கை காட்டுச்சுன்னா அங்கேயும் போய்ப் பார்த்துடணும் சார், எங்களுக்கு மூணு வருஷமும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஏழாம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா, நீ முதல் வருடத்திலேயே பிடிக்காமலோ உடம்பு முடியாமலோ விலகினாலும் மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்ட வேண்டும், அதற்கும் ஜாமீன் போட்டவன் பொறுப்பு. அதாவது நான். நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் அது இல்லை, எனக்குக் காட்டாத காகிதத்தில் இருக்கிறது. கதவு உள்ளேயிருந்து திறக்காத லிஃப்டை நான் ஓடவிட்டால் என்னை ஜெயிலில் போடுவார்கள். இவர்களுக்கு ஐந்தாவது மாடியில் ஏசி ரூம். அந்தப் பெண் இதைச் செய்தது வெளியே தெரிந்தால் அவள் வேலை போய்விடும், ஆகவே நீ உன் தோழிகளிடம்கூட நாலாம் பக்கத்துப் பெண்ணைப் பற்றி மூச்சு விடாதே.

அன்றைக்குப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கி வந்தேன், யோசிக்க வேண்டியிருந்தது. நான் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தவளுக்குச் சம்பளம் பதினேழாயிரம், எனக்கு நாற்பத்திரண்டு. இது உன் பக்கம் பேசுகிறதா என் பக்கம் பேசுகிறதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் வரலாறு படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன் அல்லவா, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். சம்பளத்தைப் பற்றிய கேள்வியை வாங்கவில்லை, அது அப்படியே நிற்கிறது. எனக்குச் சந்தேகம் படிப்பின் மேல் இல்லை, அதை விற்கிறவர்கள் மேல்தான் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதே பாடம் உன் ஊரிலேயே அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் தொண்ணூறாயிரம், கடனே வேண்டாம், மாதாமாதம் நானே கட்டிவிடுவேன். அங்கே நுழைவுத் தேர்வு உண்டு, இங்கே இல்லை. இங்கே கையெழுத்து இருந்தால் போதும்.

இனி எழுதப் போவதை அம்மாவிடம்கூட இரண்டு மாதமாக நான் சொல்லவில்லை. அந்த நுழைவுத் தேர்வை எழுதினேன், கஷ்டமாக இருந்தது, கிடைக்கவில்லை என்று நீ சொன்னாய். தேர்வுக் கட்டணம் என் அட்டையில்தானே கட்டினோம், உன் பதிவு எண் என்னிடம் இருந்தது. எத்தனை மதிப்பெண்ணில் போயிற்று, அடுத்த தடவை எட்டிப் பிடிக்க முடியுமா என்று பார்க்கத்தான் பட்டியலைத் திறந்தேன், சத்தியமாக வேவு பார்க்க அல்ல. உன் எண்ணுக்கு நேரே "வரவில்லை" என்று இருந்தது. என் மண்டை எங்கெல்லாமோ ஓடியது. எவனாவது பையனா, உடம்பு சரியில்லையா, பணத்துக்கு ஏதாவது சிக்கலா என்று யோசித்து, உன் அறைத் தோழி நர்ஸிடம் வேறு ஏதோ கேட்பது போல் கேட்டேன். "அன்னைக்கு ஏழு மணிக்கே கிளம்பிட்டாளே அங்கிள், பேனாவெல்லாம் ரெண்டு ரெண்டா எடுத்து வச்சா" என்றாள். ஆக நீ போயிருக்கிறாய். பேனாவோடு வாசல் வரைக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறாய். இது என் சந்தேகம். தப்பு என்றால் தப்பு என்று ஒரே வரியில் எழுது, நம்புகிறேன். ஆனால் பரீட்சை வைக்காத கல்லூரிக்கு ஏன் ஆறு லட்சம் கொடுக்கத் துடிக்கிறாய் என்ற கேள்விக்கு எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

நான் எப்படிச் சட்டென்று கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். பதவி உயர்வுக்கான மேற்பார்வையாளர் பரீட்சை ஒரு தடவை எழுதி மூன்று மதிப்பெண்ணில் போனேன், அது வீட்டுக்கே தெரியும். இரண்டாம் தடவையும் எழுதினேன் என்றுதான் உங்களிடம் சொன்னேன், எழுதவில்லை. வாசலில் இருபது வயதுப் பையன்கள் கூட்டமாக நின்று சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் என்னைப் பார்த்து "சார், எந்த ரூமுக்கு நீங்க மேற்பார்வை?" என்று கேட்டுவிட்டான். எதிரே டீக்கடையில் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, பார்ப்போம், சுமாராகப் பண்ணியிருக்கிறேன் என்றேன். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மா படித்துப் பார்ப்பாள் என்பது உனக்குத் தெரியும், ஆகவே இந்த வரியோடு அவளுக்கும் தெரிந்துவிடும், என் கதி என்ன ஆகும் என்று அடுத்த முறை போன் செய்யும்போது அவளிடமே கேட்டுக்கொள்.

மிச்சமிருக்கும் இடங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் இரண்டாவது தேர்வு வைக்கிறது. விண்ணப்பிக்க வருகிற இரண்டாம் தேதி கடைசி, தேர்வு பதினேழாம் தேதி. உன் விவரமெல்லாம் என்னிடம் இருக்கிறது, நானே விண்ணப்பித்திருக்க முடியும், வேண்டுமென்றேதான் செய்யவில்லை. ஜாமீன் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. நீ போய், உள்ளே உட்கார்ந்து, எழுதி, தோற்றுவிட்டு வந்து கேள், ஒன்பதாம் பக்கம், ஏழாம் பிரிவு, ஐந்தாம் தேதி எல்லாம் தெரிந்தே போட்டுத் தருகிறேன், கட்ட வேண்டியதில் பாதியையும் ஏற்றுக்கொள்கிறேன், இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், வக்கீல் நீ, பத்திரமாக வைத்துக்கொள். எழுதாமல் கேட்டால் போடமாட்டேன், அம்மா அழுதாலும் போடமாட்டேன். தோற்றவளுக்கு ஜாமீன் நிற்க எனக்குத் தைரியம் இருக்கிறது. வாசலில் இருந்து திரும்புகிறவளுக்கு எப்படி நிற்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ராத்திரியில் நேரத்துக்குத் தூங்கு, கூரியர் மூட்டைகளை நீ தூக்காதே, அதற்கு ஆள் இருக்கிறார்கள். உன் உடம்பும் மனசும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நினைத்ததைப் படித்து நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, தேர்வு ஒன்பதரைக்கு என்று போட்டிருந்தாலும் ஒன்பதுக்கே கேட்டைச் சாத்திவிடுவார்கள். உங்கள் ஊர்ப் பேருந்தை நம்பாதே, ஒரு பேருந்து முன்னதாகவே பிடி. போய் இறங்கியதும் வெளியே நின்று யாரோடும் பேசாதே, நேராக உள்ளே போய்விடு.

இப்படிக்கு,
இன்னும் கையெழுத்துப் போடாத உன் அப்பா